மழைக்கு வாசித்த கதை

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் மழை எங்களை நன்றாக ஏய்த்துவிட்டது. எங்கள் ஊர் செய்யாற்றங்கரையில், பெருநகர் என்ற ஊருக்குப் பக்கம். மழை பொய்த்தால், பாண்டவர் வேஷம் மாறி ஒளிந்து வாழ்ந்த கதையை அம்மன் கோயிலில் வாசிப்பார்கள். வாசித்தால் பெய்யும் என்று நம்பிக்கை. வழக்கமாக வாசிப்பவர் காய்ச்சலில் படுத்துவிட, காலேஜ் முடித்துச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னை உட்காரவைத்தார்கள்.

என் வாய் சும்மா இருக்குமா? தருமர் இருக்கும் நாட்டில் மழை தவறாது என்று ஓர் இடம் வரும். அங்கே நிறுத்தி விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

"படிச்சா மழை வராது. தருமர்னா ஒரு ஆளு இல்ல, நம்மகிட்ட இருக்கிற நியாயம். அது இருக்கிற ஊர்லதான் பெய்யும்."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். அப்பா முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை, எங்கள் மாட்டுக்கொட்டகையில் வேலை செய்யும் அம்மாள் பம்புசெட்டுக்கு வந்தாள். இடுப்பில் காலிக் குடம். அவர்கள் காலனிக் கிணறு வற்றிக் கிடந்தது. எங்கள் கிணற்றில் தண்ணீர் இருந்தது; ஆனால் காலனிக்காரர்களை அப்பா அண்டவிட மாட்டார்.

"நேத்து கோயிலுக்கு வெளிய நின்னுக்கினு கேட்டேன் சின்னய்யா. நியாயத்த நல்லா சொன்னீங்க. எம் பொண்ணு பெத்துப் போட்டுட்டு பச்ச ஒடம்போட கீறா. ஒரு கொடம் வுடுங்க."

அப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் உள்ளர்த்தம்மா. அப்படியே எடுத்துக்கக் கூடாது," என்றேன். சீ, எந்த வாயால் சொன்னேனோ!

"செரி சின்னய்யா." அவ்வளவுதான். வறண்ட செய்யாற்று மணலில் ஊற்றுத் தோண்ட, அந்த வெயிலில் குடத்தோடு நடந்தாள். நான் மோட்டாரைப் போட்டு எங்கள் கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சினேன்.

அந்த வாரமே மழை கொட்டியது. என் வாசிப்புதான் காரணம் என்று கோயிலில் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். படித்தால் வராது என்று சொன்னவனே நான்தான். ஆனாலும் வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது காலனி முனையில் அவள் கூரைத் தண்ணீருக்குக் குடம், சட்டி எல்லாம் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நனைந்தபடியே கும்பிட்டாள்.

"நீங்க படிச்சதாலதான் பேயுது சின்னய்யா. கொயந்தைக்கு இன்னிக்குத்தான் தலைக்கு ஊத்தினோம்."

ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா அவள்!