கமலாட்சியின் காப்பித் துணி

செய்தி வந்தபோது ஆசிரியர் அறையில் மூன்றாம் படிவ மாணவர்களின் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கமலாட்சியின் தங்கை தொலைபேசியில் அழைத்தார். "அக்கா காலையில போயிட்டாங்க டீச்சர். நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்குறோம்." சரிம்மா, வாரேன் என்றேன். மீதமிருந்த தாள்களையும் திருத்தி முடித்தேன். பின்னால் சரிபார்த்தபோது கூட்டலில் ஒரு பிழைகூட இல்லை.

ஈப்போவை அடுத்த கோப்பெங்கில், எங்கள் பள்ளி அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்த கமலாட்சியை உங்களில் பலருக்குத் தெரியும். விடுப்பு விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்து இல்லையென்றால் அவர் எப்படிப் பார்ப்பார் என்பதும் தெரியும். நான் சொல்லப்போவது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

எழுபதுகளின் இறுதியில் நாங்கள் இருவரும் ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் குடியிருந்தோம். அவர் செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தாயாரை அழைத்துக்கொண்டு வந்து இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருந்தார். அவருக்கு மூச்சிழுப்பு உண்டு. பள்ளிக்குப் போகும் சாலை நெடுகக் கல்லுடைக்கும் லாரிகள். வெள்ளைச் சுண்ணாம்புத் தூசி. பஸ்ஸில் போய் வந்ததில் மாதத்துக்கு நான்கு நாள் மருத்துவ விடுப்பு. வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. இப்படியே போனால் நிரந்தரம் செய்ய எழுத முடியாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். வேலை போனால் தோட்டத்தில் அண்ணன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அண்ணி அதற்காகத்தான் காத்திருக்கிறார் என்பார் கமலாட்சி.

அதனால் என் காரில் வரத் தொடங்கினார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டாலும் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் துளைகள் வழியாகக் காற்று உள்ளே வரும். அதோடு தூசியும் வரும். ஒரு வாரம் பொறுத்திருந்துவிட்டு, பானெட்டைத் திறக்கச் சொன்னார். "பாருங்க டீச்சர், எஞ்சினுக்கு வடிகட்டிக் குடுக்குறான். மனுசனுக்கு அப்படியே குடுக்குறான் லா."

அடுத்த சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். சீனர் காப்பிக்கடைகளில் காப்பி வடிகட்டத் தைப்பார்களே, அந்தத் தடித்த வெள்ளைத் துணி ஒரு முழம் வாங்கி வந்திருந்தார். சட்டை மாட்டும் கம்பியை வளைத்துச் சட்டமாக்கி, துணியை அதில் இழுத்துத் தைத்தார். காற்று நுழையும் இடத்தை மூடிய கறுப்புத் தகட்டின் நான்கு திருகுகளைக் கழற்றி, சட்டத்தை உள்ளே வைத்தார்.

"இனிமே காப்பி வாசத்துலதான் பள்ளிக்கூடம் போகணுமா?" என்றேன்.

"காப்பித்தூள் போட்டாத்தான் வாசம் வரும் டீச்சர். பேசாம அந்தத் திருக எடுங்க."

மாதக் கடைசிச் சனிக்கிழமைதோறும் மாற்றினோம். கழற்றிய துணி சாம்பல் நிறத்தில் இருக்கும். அதை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இவ்வளவும் என் நெஞ்சுக்குள்ள போயிருக்கும்." எனக்கு நம்பிக்கை இல்லை. கண்ணுக்குத் தெரியும் தூசியைத் துணி நிறுத்தும். இழுப்பைக் கிளப்பும் பொடித் தூசி அதைத் தாண்டி வரும் என்பது என் எண்ணம். விடுப்பு குறைந்தது பஸ்ஸை விட்டதால்தான், மற்றது மனம் செய்யும் வேலை என்று நினைத்தேன்.

ஒரு மாதக் கடைசியில் அவர் செமோரில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. நானே மாற்றிவிடுகிறேன் என்றேன். பழைய துணியைக் கழற்றினேன். புதியதை வைக்கவில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை. பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்: சோதிக்கப்படுபவருக்குத் தெரியக்கூடாது.

திங்கள் முதல் வெள்ளி வரை காரில் அவருக்கு இழுப்பு வரவில்லை. பேச்சைக் கொஞ்சம் குறைத்திருந்தார். கல்யாணத்தில் அண்ணியோடு ஏதாவது ஆகியிருக்கும் என்று எண்ணினேன். வெள்ளி மாலை பள்ளி முற்றத்தில் காரை எடுக்கும் முன் சொன்னேன். "அஞ்சு நாளா துணியே இல்ல. உங்களுக்கு ஒண்ணும் ஆகல, பாத்தீங்களா?" ஜெயித்த குரலில்தான் சொல்லியிருப்பேன்.

அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "திங்கக்கிழமையே தெரியும் டீச்சர். சேலை மேல வெள்ளையா படிஞ்சிச்சு. முந்தானைய நனைச்சு மூக்குல வச்சிக்கிட்டுத்தான் வந்தேன்."

அதை நான் பார்த்திருந்தேன். சளி என்று நினைத்திருந்தேன்.

"ஏன் சொல்லல?"

"கேட்டா, பஸ்ஸுல வான்னு சொல்லிட்டீங்கன்னா?"

அந்த வாரம் ராத்திரியில் இழுப்பால் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியேதான் தூங்கியிருக்கிறார். அதைத் தாயார் பிறகு சொன்னார். அன்று நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பின்பெட்டியில் கிடந்த புதிய சட்டத்தை எடுத்து அங்கேயே பொருத்தத் தொடங்கினேன். அவர் இறங்கி வந்து பானெட்டைப் பிடித்துக்கொண்டார். "அந்தத் திருக ரொம்ப இறுக்காதீங்க, தகடு வெடிச்சிரும்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு மாதாமாதம் கேட்பார்: "இந்த மாசம் துணி இருக்கா டீச்சர், இல்ல பரீட்சையா?" மூன்றாண்டுகள் கேட்டார். ஒவ்வொரு முறையும் நான் பானெட்டைத் திறந்து காட்டினேன். வேலை நிரந்தரமானது. பிறகு ஈப்போவில் ஓர் அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போனார். தீபாவளிக்குத் தீபாவளி பார்ப்பதோடு சரி.

அவரைக் கொண்டுபோனது மூச்சு அல்ல, சிறுநீரகம். தங்கையிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அது எனக்கு ஆறுதல் தரும் என்று எதிர்பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. துக்க வீட்டிலும் எல்லாரும் அழுதபோது நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

கமலாட்சியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். ஒருவர் வாய் திறக்கவில்லை என்பதால் அவருக்குக் குறையில்லை என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. வகுப்பில் புரிகிறதா என்று கேட்பேன், எல்லாத் தலையும் ஆடும். சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை கேட்பேன், மெதுவாக. இறுதிச் சடங்கு முடிந்து திரும்பிய மறுநாளும் கேட்டேன். பின்வரிசையில் ஒரு பெண் மேசையைப் பார்த்தபடி, "இல்ல டீச்சர்" என்றாள். கரும்பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.