டீசலுக்கு ஒரு கம்பளி

“...நாமளே சட்டையக் கழட்டிப் போட்டுட்டுத் திரியுற வேக்காட்டுல டீசலுக்கு எதுக்குண்ணே கம்பளி?” என்று அந்தத் தங்கச்சி கேட்டது இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதக் காலை. உத்தமபாளையம் தாண்டி கம்பம் போகிற சாலையில் ஒரு டீக்கடை வாசல். லாரி என்னுடையது, ஓட்டுவதும் நானே. அன்றைக்கு ஏற்றியிருந்தது நூற்றுச் சொச்சம் தேனீப் பெட்டிகள். வருசநாட்டுப் பக்கம் முருங்கைப் பூ முடிந்துவிட்டதால், மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். ராத்திரி ஈக்கள் எல்லாம் பெட்டிக்குள் அடைந்த பிறகு பெட்டி வாசலை மூடி ஏற்றி, வெயில் ஏறுவதற்குள் மலையேறிவிட வேண்டும். மூடிய பெட்டியில் வெயில் விழுந்தால் உள்ளேயே வெந்துபோகும்.

அது தெரிந்தும் டீ குடிக்க நிறுத்தினேன். பத்தே நிமிடம்தான். திரும்ப வந்து சாவியைத் திருகினால் என்ஜின் இருமுகிறது, பிடிக்கவில்லை. சில நாட்களாகவே காலையில் இப்படி மக்கர் செய்துகொண்டுதான் இருந்தது. இரண்டு தடவை டீசல் பில்டர் மாற்றியிருந்தேன். அதற்கு மேல் என் அறிவு எட்டவில்லை.

கூட வந்திருந்த, பெட்டிகளின் சொந்தக்காரனான தம்பி மேலே ஏறி, சாக்கை நனைத்து நனைத்துப் போட்டான். அவன் குடும்பத்துக்கு இருக்கிற சொத்தே அந்தப் பெட்டிகள்தான். திறந்துவிடவும் வழியில்லை. பக்கத்தில் பஸ் நிறுத்தம், நிறைய ஜனம். ஒவ்வொரு பெட்டியாகக் காதை வைத்துக் கேட்டான்.

“இரைச்சல் கூடுதுண்ணே. சிறகடிச்சுக் காத்து உண்டாக்குதுக. சத்தம் கூடுற வரைக்கும் பயமில்ல. அடங்குச்சுன்னாத்தான் போச்சு.”

என் தவிப்பைப் பார்த்து டீக்கடைக்காரர் ஒரு போன் போட்டார். “பக்கத்து ஊருல டிராக்டர் ரிப்பேர் பாக்குறவுக இருக்காக, இந்தா வந்துருவாக” என்றார். கால்மணி நேரத்தில் மொபட்டில் ஒரு பெண் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை, மொபட்டின் முன்னால் ஒரு சாக்கு மூட்டை.

“ஆள் யாரும் வரலையா தங்கச்சி?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நான் என்னண்ணே, நிழலா?” என்று சொல்லிக்கொண்டே சாக்கை இறக்கினார்.

பில்டருக்கு மேலிருந்த கைப்பம்ப்பை அழுத்திப் பார்த்தார். அழுத்த அழுத்தக் கல்லாக இறுக வேண்டியது, பஞ்சாக அமுங்கியது. “எங்கனயோ காத்து இழுக்குது. வண்டிய நிறுத்துனதும் டீசல் டேங்குக்கே திரும்பி ஓடிருது” என்றவர், பில்டர் மாட்டியிருக்கும் தலைப்பகுதியைத் துணியால் துளி ஈரம் இல்லாமல் துடைத்தார். பிறகு கேபினுக்குள் எட்டிப் பார்த்து, சாமி படத்துக்கு முன்னால் இருந்த விபூதிப் பொட்டலத்தைக் காட்டினார்.

“அதுல கொஞ்சம் எடுத்துக்கிறட்டா? உங்க சாமி கோவிச்சுக்காதுல்ல? எங்களுக்கும் திருநீத்துப் புதன் இருக்குண்ணே, நெத்தியில சாம்பல் பூசுவோம்.”

எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து அந்த இரும்பைச் சுற்றி மெல்ல ஊதினார். எல்லாம் வெள்ளையாகிவிட்டது. “இப்ப விடாம அடிங்க” என்றார். நான் கைப்பம்ப்பை அடித்தேன். அவர் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பக்கவாட்டில் வயரோடு செருகியிருந்த ஒரு சாமான் பல்லு மாதிரி நிற்கும். அதன் அடியில் மட்டும் திருநீறு மெதுவாகக் கறுத்து, நகக்கண் அளவுக்கு நனைந்தது. இத்தனை நாளாக அதை ஏதோ சென்சார் என்றல்லவா நினைத்திருந்தேன்!

“வண்டி எந்த ஊருது?”

“வடக்க, பனிமலைப் பக்கம் ஓடுனது தங்கச்சி. செகண்ட் ஹேண்ட்ல வாங்குனேன்.”

“அதான். இது ஹீட்டரு. அங்கன குளிருல டீசல் தேங்காயெண்ணெயாட்டம் உறையும், அதைச் சூடு பண்ணுறது. இங்கன நாமளே சட்டையக் கழட்டிப் போட்டுட்டு...” என்று தொடங்கித்தான் அந்தக் கம்பளிக் கேள்வியைக் கேட்டார். யாராவது நல்ல வார்த்தை சொன்னால் மனதில் முடிந்துவைத்துக்கொள்வது என் வழக்கம். அந்தப் பதற்றத்திலும் அதை முடிந்துகொண்டேன்.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். பிறகு ஹீட்டரின் வயரைப் பிடுங்கி, நுனியில் டேப் சுற்றினார். ஹீட்டரைத் திருகி வெளியே எடுத்தபோது அதன் ரப்பர் வளையம் அப்பளமாக நொறுங்கியது. வேறு வளையம் கைவசம் இல்லை. “இந்த ஊருக்கு இது வேண்டவே வேண்டாம், ஓட்டையவே அடைச்சிருவோம்” என்று மூட்டையிலிருந்த டப்பாவைக் கொட்டி, ஒவ்வொரு போல்ட்டாக அந்த ஓட்டைக்கு மரை சேருகிறதா என்று பார்த்தார். ஒன்று சேர்ந்தது. ஆனால் அதற்குப் போட இருந்த செம்பு வாஷர் பழசு, இறுகிப்போனது. இடுக்கியால் அதைப் பிடித்துக்கொண்டு நேராக டீ அடுப்புக்குப் போய்விட்டார்.

“ஏ ஆத்தா, என் அடுப்புல செம்பு வறுக்குறியே, டீயில செம்பு வாசம் அடிக்கப்போகுது!” என்றார் கடைக்காரர்.

“உங்க டீயில இன்னைக்காவது ஒரு வாசம் இருக்கட்டும்ணே.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். வாஷர் செக்கச்செவேல் என்று ஆனதும் தண்ணீரில் போட்டார். இரும்பென்றால் இறுகும், செம்பு இளகுமாம். அதை வைத்து முறுக்கியதும், திரும்பத் துடைத்து, திரும்பத் திருநீறு ஊதி, திரும்ப அடிக்கச் சொன்னார். பம்ப் கல்லாக நின்றது. ஒரு பொட்டு ஈரமில்லை. காற்றை வெளியேற்றிவிட்டு பேட்டரியை மாட்டினார். மூன்றாவது திருகலில் என்ஜின் உறுமியது.

அதே நேரம் மேலேயிருந்து தம்பி கத்தினான். “அண்ணே, ஓரத்துப் பெட்டியில சத்தம் கம்மியாகுது!”

மறுநாள் அவன் மலையிலிருந்து போனில் பேசினான். செத்துப்போனது இரண்டே பெட்டி, மற்றப் பெட்டி ஈக்களெல்லாம் பூவுக்குப் போய்விட்டன என்றான். எத்தனையோ ஒர்க்‌ஷாப் பார்த்தவன் நான். ஒரு சிட்டிகைச் சாம்பலை ஊதிவிட்டுக் கண்ணைத் திறந்துவைத்துக் காத்திருந்த அந்தப் பொறுமைக்கு ஈடாக எதையும் பார்த்ததில்லை. யாரையும் பார்த்த மாத்திரத்தில் எடைபோட இன்றைக்கும் எனக்குத் துணிச்சல் வருவதில்லை.

அன்றைக்கு மேலேயிருந்து தம்பி கத்திய நிமிடத்தில் அந்தத் தங்கச்சி, கொட்டிக் கிடந்த சாமான்களை அப்படியே விட்டுவிட்டு மொபட்டில் ஏறினார். கம்பத்துக் கடைவீதி நெரிசலில் எங்களுக்கு முன்னால் விடாமல் ஹாரன் அடித்து, ஒரு கையை நீட்டி ஆளையும் ஆட்டோவையும் ஒதுக்கிக்கொண்டே, மலைச்சாலை தொடங்கும் இடம்வரை வழி திறந்துவிட்டுக்கொண்டு போனார்.