ஒன்றரை ஒயர், முப்பத்திரண்டு பிரேக்கர்

தொழிலில் அவரை எல்லோரும் ‘சட்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுகளுக்கு ஏசி லைன் இழுக்கும் எலக்ட்ரீஷியன். தனி லைன், தனி பிரேக்கர், நடுவில் ஒட்டுப்போடாத ஒயர், கட்டாயம் எர்த். இதில் ஒன்றை விடச் சொன்னாலும் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சுவிட்ச் போர்டைத் தொட்டுச் சூடு பார்த்த பிறகுதான் மணமக்கள் பக்கம் திரும்புவார். “என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கும் எம்மூஞ்சியப் பாக்கல, பியூஸ் கட்டையத்தான் பாத்தாரு” என்று மனைவி இருபது வருஷமாகச் சொல்லிச் சிரிக்கிறாள்.

வேலை முடிந்ததும் பிரேக்கர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுவார். ஒயர் எத்தனை எம்எம், பிரேக்கர் எத்தனை ஆம்பியர், தேதி, கீழே கையெழுத்து. நாளைக்கு யார் வந்து திறந்தாலும் உள்ளே இருப்பது தெரிய வேண்டும் என்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஒரு மாதத்துக்கு மேலாக ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறார். எதிரில் பேசுகிறவர் வாயைப் பார்க்கிறாரே தவிர பேச்சு காதில் ஏறுவதில்லை.

வினை தங்கை வீட்டில். அவளுக்குக் குழந்தை பிறந்ததும் அவள் கணவர் பழைய சின்ன ஏசியைக் கழற்றிவிட்டுப் பெரிய மெஷினாக வாங்கி மாட்டினார். மத்தியான வெயிலில் பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றுகொண்டே இருந்தது. போன் வந்ததும் இவர் ஓடினார். சுவருக்குள் இருந்தது ஒன்றரை எம்எம் ஒயர், அதற்கேற்ற பதினாறு ஆம்பியர் பிரேக்கர். இவரே முன்பு போட்டதுதான். புது மெஷினுக்கு நாலு எம்எம் ஒயர் இழுக்க வேண்டும். கையில் இல்லை. குழந்தையோ வியர்த்து விறுவிறுத்து வீறிட்டு அழுதது. பையில் ஒரு முப்பத்திரண்டு ஆம்பியர் பிரேக்கர் கிடந்தது. எடுத்து மாட்டிவிட்டார். நாளைக்கே வந்து லைனை மாற்றிவிடலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். தாளை மட்டும் தொடவில்லை.

மெல்லிய ஒயருக்குப் பெரிய பிரேக்கர் போட்டால் பிரேக்கர் விழாது, ஒயர்தான் வேகும். இதை ஊருக்கெல்லாம் தொண்டை வறளச் சொன்னவர் இவர். நாளைக்கு என்றது அடுத்த வாரமானது. போனால் ஏன் வந்தேன் என்று சொல்ல வேண்டுமே! அந்த வெட்கம்தான் காலைக் கட்டிப்போட்டது.

அன்று மத்தியானம் ஒரு புது வீட்டில் இன்னொருவர் செய்த வேலையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, நீ மாத்துனதுக்கப்புறம் ஒரு தடவகூட விழல தெரியுமா? இவரு பாக்கறவங்க கிட்டயெல்லாம் உன்னப் பத்திதான் பேச்சு. காலையிலேருந்து ஏசிய நிறுத்தவே இல்ல. என்னமோ லேசா தீயுற வாடை வருது, பக்கத்து வீட்டு சமையலா இருக்கும்... இரு, கொழந்த முழிச்சுக்கிச்சு.”

வைத்துவிட்டாள். இவர் உடனே திருப்பிப் போன் போட்டார். திரும்பத் திரும்ப அடித்தார். குழந்தை தூங்குவதற்காகப் போனை ஊமையாக்கி வைப்பவள் அவள், எடுக்கவில்லை. ஒரு சுருள் நாலு எம்எம் ஒயரை வண்டியில் வைத்துக்கொண்டு பறந்தார். சிவப்பு விளக்கில் நின்றபோதும் இன்னொரு தடவை அடித்துப் பார்த்தார்.

தங்கை உதட்டில் விரலை வைத்தபடி கதவைத் திறந்தாள். அவர் நேராகப் பெட்டிக்குப் போய் பிரேக்கரை இறக்கினார். ஏசி நின்றது.

“இப்பத்தாண்ணா கண்ண மூடுச்சு! ஏன் அணைச்ச?”

தொட்டிலுக்கு மேலே, மெஷினுக்குப் பக்கத்து சுவிட்ச் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். கை பொறுக்கவில்லை. திறந்தார். ஒயரின் சிவப்பு உறை பழுப்பாகியிருந்தது. ஸ்குரூ டிரைவர் நுனி பட்டதும் பொருபொருவென்று உதிர்ந்தது. கொஞ்சம் தொட்டிலிலும் விழுந்தது. குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது.

தங்கை அதை வாரி எடுத்துக்கொண்டாள். “என்னண்ணா இது?”

“நான் பண்ணதும்மா. அன்னைக்கு இந்த ஒயருக்குப் போடக்கூடாத பிரேக்கரப் போட்டுட்டேன். விழாம இருந்தது அதனாலதான்.”

“எத்தன நாளாச்சு?”

“முப்பத்தெட்டு.”

யோசிக்காமல் வந்த பதில். அவள் அவரையே பார்த்தாள். “அப்ப தெனமும் எண்ணியிருக்க. எண்ணத் தெரிஞ்சுது, வரத் தெரியலையா?”

அவர் பழைய ஒயரின் வாலில் புதுசைக் கட்டிச் சுவருக்குள் இழுத்தார். இருபத்தைந்து ஆம்பியர் பிரேக்கர் மாட்டினார். தங்கை தண்ணீர் வேணுமா என்றுகூடக் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் புதுத் தாளில் விவரம் எழுதி, பதினாறு ஆம்பியர் என்றே இருந்த பழையதன்மேல் ஒட்டப் போனார்.

“நில்லு. அந்த முப்பத்தெட்டு நாளு உள்ள இருந்தது எதுலயும் இல்லையே. அதையும் எழுதி ஒட்டு” என்றாள்.

தாளைக் கதவில் வைத்து எழுதினார். ஒன்றரை ஒயர், முப்பத்திரண்டு பிரேக்கர், அதை மாட்டிய நாளின் தேதி. கையெழுத்துப் போடும்போது அவருக்கே அது வேறு யாருடையதோ போல இருந்தது.