எதிர்க்கடை விலைதான் இங்கேயும்

தொண்ணூறுகளின் கடைசியில் மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு சைபர் கஃபே திறந்தேன். அதற்கு முன்பு பாயான் லெப்பாஸ் பேக்டரியில் நைட் ஷிப்ட் பார்த்தே கண் குழி விழுந்திருந்தது. வேலையை விட்டு, சேமிப்பையெல்லாம் பழைய கம்ப்யூட்டர்களில் போட்டேன். ஒரு மணி நேர இன்டர்நெட்டுக்கு ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து ரிங்கிட். கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. இரவில் தூங்குவது எவ்வளவு பெரிய சுகம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பொறுக்குமா? சாலைக்கு எதிர்ப்பக்கம் ஓர் அண்ணன் அதே மாதிரி கடை போட்டார். நாலு வெள்ளி. அடப்பாவி மனுஷா! நான் மூன்றரை என்று போர்டில் எழுதினேன். அவர் மூன்று. இப்படியே இறங்கி இறங்கி இருவரும் ஒன்றரை வெள்ளியில் வந்து நின்றோம். இருந்த ஆட்களேதான் அங்குமிங்கும் மாறி மாறிப் போனார்கள். இன்டர்நெட்டுக்கான டெலிபோன் பில்லைக் கட்டவே வசூல் போதவில்லை. அண்ணனும் நானும் முகம் கொடுத்துப் பேசுவதையும் நிறுத்திவிட்டோம்.

"பேசாம பேக்டரிக்கே திரும்பிப் போ லா," என்றாள் அம்மா.

"செத்தாலும் மாட்டேன்!" என்று கத்தினேன். உள்ளுக்குள் பயம்தான்.

ஒரு நாள் விலையை அழித்து அழித்து எழுதிய எரிச்சலில், 'எதிர்க்கடை விலைதான் இங்கேயும்' என்று மட்டும் எழுதி வைத்தேன். எழுதிய பிறகுதான் உறைத்தது. இனி அவர் குறைத்தால் அந்த நிமிடமே என்னிடமும் குறையும். ஒரு ஆள் கூட அங்கே ஓட மாட்டான். அப்புறம் அவர் எதற்குக் குறைக்க வேண்டும்? இதற்குக் கேம் தியரி என்று பெரிய படிப்பே இருக்கிறதாம். எனக்கு அப்போது கேம் என்றால் பையன்கள் கம்ப்யூட்டரில் டுமீல் டுமீல் என்று சுடுவதுதான்.

மறுநாள் பார்த்தால் அண்ணன் போர்டிலும் அதே வாசகம்!

லண்டனில் படிக்கும் மகளுக்கு இமெயில் அனுப்ப வரும் அக்கா ஒருவர் அன்று குடையோடு வந்தார்.

"எவ்வளவு தங்கச்சி?"

"அங்க என்னவோ அதான்க்கா."

போனார். திரும்பி வந்தார். "அவரு உங்கள கேக்கச் சொல்றாரு."

"நீங்க அவரையே கேளுங்க."

மறுபடி போனவர் நடுச் சாலையிலேயே நின்றுவிட்டார். "வெயில் மண்டையப் பொளக்குது! யாராச்சும் ஒருத்தர் வாயத் தொறங்க லா!"

அண்ணன் தன் வாசலுக்கு வந்தார். அவர் ஒன்றரை என்றால் எனக்கும் ஒன்றரைதான். அடுத்த மாதம் பேக்டரி பஸ்தான்.

"நாலு வெள்ளி!" என்று முந்திக்கொண்டு கத்தினேன்.

அவர் என்னையே பார்த்தார்.

"நாலு வெள்ளி!" என்று அவரும் கத்தினார்.

பல மாதங்களுக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். சிரிப்பை அடக்க முடியாமல் நான் உள்ளே ஓடிவிட்டேன்.

"இதுக்குத்தானா இந்த நடை!" என்று திட்டிக்கொண்டே அக்கா அவர் கடைக்குள் நுழைந்தார். அந்தப் பக்கம்தான் நிழல். போகட்டும். அன்று இரவு நான் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.