கணவாய்க்குப் போன படகு

எங்கள் மீன் கடைக்கு எதிர்ச்சாரியில் அந்தக் கண்ணாடிக் கடை திறந்த அன்று நாங்கள் பயப்படவில்லை. உள்ளே வெள்ளை டைல்ஸ், ஏசி, தொப்பியும் கையுறையும் மாட்டிய பெண்கள். மீன் விற்க எதுக்குக் கண்ணாடி என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் டவுன்ஷிப்காரர்கள் மீன் வாங்கமாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை.

அவர் டவுன்ஷிப்பை ஒட்டிய நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். ஒரு வருஷம் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். கையில் இருந்ததைப் போட்டு ஒரு பழைய லோடு ஆட்டோ வாங்கி மீனுக்கு வந்தோம். கம்மாபுரம் பக்கம் கரும்பு வெட்டப் போன குடும்பங்கள் எங்களுடையவை. மீன் வியாபாரம் இரண்டு பக்கமும் யாரும் செய்ததில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் மத்தியைச் சாளை என்பார்கள், அது வராத நாளில் முகம் வாடிப்போவார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்கள் முள் இல்லாத மீனாகக் கேட்பார்கள். சம்பளம் போட்ட வாரம் வஞ்சிரம் ஓடும். புரட்டாசியில் ஈ ஓட்டுவோம். தைப்பூசத்துக்கு வடலூரே கூட்டமாக இருக்கும், அந்தப் பக்கம் மீன் கூடையைக் கொண்டுபோக முடியாது. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த வியாபாரம்.

கடலூர்த் துறைமுகத்தில் ஒரு படகுக்காரர் எங்களுக்கு வாடிக்கை. சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார். விடியலுக்கு முன்னால் போய் வெயில் ஏறும்போது திரும்பிவிடுவார். ஏலத்துக்குப் போகும் முன் எங்களுக்கு வேண்டியதைத் தனியாக எடுத்துவைப்பார். என்னைத் தங்கச்சி என்பார். அவர் பெண்டாட்டி வலை பிரித்துக்கொண்டே எனக்கு டீ வாங்கித் தருவாள்.

கண்ணாடிக் கடை வந்த இரண்டாவது மாதமே எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாடிக்கை பாதி காணாமல் போனது. அந்தக் கடைக்காரன் சங்கராவையும் கானாங்கத்தையையும் நாங்கள் துறைமுகத்தில் வாங்குகிற விலைக்கே விற்றான். போன் செய்தால் குவார்ட்டர்ஸ் வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தான். கழுவி, வெட்டி, தட்டில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் ஒட்டி.

"அழுகுன மீனா இருக்கும். ரெண்டு வாரத்துல தெரிஞ்சிபோவும், பாரு" என்றார் வீட்டுக்காரர்.

நான் ஒரு நாள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு போய் அரைக் கிலோ சங்கரா வாங்கிவந்தேன். பிளாஸ்டிக்கைக் கிழித்து மோந்து பார்த்தேன். கடல் வாசம்தான் வந்தது. சதையை அழுத்தினால் பள்ளம் விழவில்லை. அன்று ராத்திரி அதைக் குழம்பு வைத்தேன். வீட்டுக்காரர் ஒரு துண்டைத் தின்றுவிட்டு மீதியைத் தள்ளிவைத்தார். கெட்ட மீனாக இருந்திருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வாங்குகிற விலைக்கே விற்று ஒருத்தன் எப்படிப் பிழைக்க முடியும்? அந்தக் கேள்வியோடுதான் அடுத்த நாள் நானும் துறைமுகத்துக்குப் போனேன். அங்கே கண்ணாடிக் கடையை நடத்துகிற கம்பெனியின் குளிர்வண்டிகள் வரிசையாக நின்றன. படகுகள் கரை சேர்ந்ததும் ஏலம் கேட்கிற சத்தமே இல்லை. ஒரு ஆள் நோட்டம் பார்த்தான், மொத்தமாக ஏற்றச் சொன்னான். பேரமே பேசவில்லை. வழக்கமாக ஏலம் கூவுகிற பெண்கள் வெறும் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

படகுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் தலையைக் குனிந்துகொண்டார்.

"தங்கச்சி, இனிமே எடுத்துவைக்க முடியாது போல. புடிச்சிகினு வர்ற மொத்தப் பாடும் அவங்களுக்கேன்னு பேச்சு. ஐஸ் அவனே குடுக்குறான். வெலையும் ஊர்ல யாரும் குடுக்காத வெல."

"அவ்ளோ வெல குடுத்து வாங்கி எங்க ஊர்ல அடிமாட்டு வெலைக்கு விக்கிறானே, எப்டிண்ணே?"

"உங்க ஊர்ல விக்கவா அவன் வந்தான்?" என்றார். "அவனுக்குக் கணவாய் மீன்தான் வேணும். எறாலும் கணவாயும் கப்பல்ல வெளிநாடு போவுது. அதுலயே மொத்த காசும் வந்துடுது. கூடவே மாட்டுற சங்கரா, கானாங்கத்த எல்லாம் கழிவு மாதிரி. அதைத்தான் உங்க ஊருக்கு அனுப்புறான்."

நாங்கள் போட்டி போட்டுக்கொண்டிருந்தது எதிர்க் கடையோடு இல்லை. எங்கேயோ ஒரு நாட்டில் கணவாய் தின்கிறவர்களோடு. அவர்கள் முகத்தைக்கூட நாங்கள் பார்க்கப்போவதில்லை.

"நாளைக்கு அவன் வேணாம்னு சொல்லிட்டான்னா என்னா பண்ணுவீங்க?"

"உன்கிட்ட வர்றேன்" என்று சிரித்தார்.

"அன்னிக்கு நாங்க இருக்கணுமே அண்ணே."

அவர் பெண்டாட்டி அன்று டீ வாங்கித் தரவில்லை. வலையைப் பார்த்தபடியே, "இப்பல்லாம் தங்கல் போறாரு" என்றாள். கணவாய் பக்கத்தில் கிடைப்பதில்லை. அதற்கு ஆழத்துக்குப் போய்க் கடலிலேயே தங்க வேண்டும். அந்தப் படகு அதற்குக் கட்டினது இல்லை. தலைக்கு மேலே ஒரு கூரைகூடக் கிடையாது.

ஐப்பசியில் காற்று திசை மாறியிருந்த ஒரு நாள், என் வீட்டுக்காரர் வேறு படகுகளிடம் மீன் எடுக்கத் துறைமுகம் போனபோது, படகுக்காரரின் படகு மட்டும் திரும்பியிருக்கவில்லை. முந்தின நாளே வந்திருக்க வேண்டியது. அவர் பெண்டாட்டி முகத்துவாரத்துக் கல்மேல் நின்றிருக்கிறாள். கம்பெனி ஆள் அவளிடம் போய், "சரக்கு இன்னும் வரலியா?" என்று மட்டும் கேட்டிருக்கிறான். ஆள் வரவில்லையா என்று கேட்கவில்லை. இதை என் வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார். மறுநாள் ஒரு விசைப்படகு அவரைக் கயிறு கட்டி இழுத்துவந்தது. இன்ஜின் நின்றுபோய் வெறுமனே மிதந்திருக்கிறார். பயந்துவிட்டார் என்று நினைத்தோம். அடுத்த வாரமே மறுபடி தங்கல் போனார்.

அந்தச் சமயத்தில்தான் கண்ணாடிக் கடை மேனேஜர் எங்கள் கடைக்கு வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"அக்கா, நீங்க ரெண்டு பேரும் எங்களோட சேர்ந்துடுங்களேன். மீன் வெட்டத் தெரிஞ்ச ஆள் கிடைக்கல. பி.எஃப். உண்டு, யூனிஃபார்ம் உண்டு. எதுக்கு இந்த வெயில்ல?"

அவர் போனபிறகு வீட்டுக்காரர் துடைத்த தராசையே மறுபடி துடைத்தார். பி.எஃப். என்ற சொல் அவரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மைன்ஸில் அத்தனை வருஷம் அவர் காத்திருந்தது அதற்குத்தான்.

"பர்மனென்ட் மாதிரிதான?" என்றார்.

"ஏங்க, படகுக்கார அண்ணனும் அந்தக் கம்பெனிய அப்டிதான் நம்பிகினு இருக்காரு."

"வேற என்னா பண்றது சொல்லு. கடையில மீனும் இல்ல, ஆளும் இல்ல."

எதிர்க் கடையில் எது இல்லை என்று நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மத்தி இல்லை. நெத்திலி இல்லை. காரப்பொடி இல்லை. பொடி மீனைக் கிள்ளி அலச நேரம் பிடிக்கும். மணிக்கணக்குப் பார்க்கிற கடைக்கு அது கட்டாது. தட்டில் அடுக்கி பிளாஸ்டிக் ஒட்டினாலும் சீக்கிரம் நைந்துவிடும். மேனேஜரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டு நாங்கள் பெரிய மீனை அடியோடு விட்டோம். மார்க்கெட் கடையையும் விட்டுவிட்டு, ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து கான்ட்ராக்ட் ஆட்கள் பஸ் ஏறுகிற இடத்தில் பொடி மீனை ஆய்ந்து, கழுவி, வாழை இலையில் கட்டி விற்றேன். மத்திக்காகத் தெற்கத்திக் குடும்பங்கள் அங்கேயும் தேடிவந்தன. ஏசி கடைக்குப் போகிறவர்கள் காரை நிறுத்தாமல் போனார்கள். விரல் நகமெல்லாம் செதிள் ஏறி வீங்கும். வீட்டுக்காரருக்கு அது பெரிய அவமானம். அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அவரோடு வேலை பார்த்தவர்கள்.

பிறகு ஒரு வாரம் கம்பெனி வண்டிகள் துறைமுகத்துக்கு வரவில்லை. வெளிநாட்டுக்குப் போன சரக்கை அங்கே ஏதோ சோதனையில் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. கம்பெனி கேரளப் பக்கம் மாறிவிட்டது என்று இன்னொரு பேச்சு. எது நிஜம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. படகுக்காரர் போன் செய்தபோது அவர் குரலையே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"தங்கச்சி, ஆட்டோ எடுத்துகினு வர முடியுமா?"

இரண்டு பேரும் போனோம். தளம் முழுக்கக் கணவாய் குவிந்து கிடந்தது. கம்பெனி போனதும் அவன் கொடுத்த ஐஸும் போயிருந்தது. பழைய ஐஸ் வியாபாரி எப்போதோ மூடிவிட்டான். ஏலம் கூவின பெண்களில் பாதிப் பேர் வீட்டுவேலைக்குப் போயிருந்தார்கள். வாங்க ஆளில்லை, விற்கவும் ஆளில்லை. வெள்ளையாக இருந்த சதை எங்கள் கண்ணெதிரே சிவந்துகொண்டு வந்தது. கறுப்பு மை ஒழுகிக் காலடியில் ஓடியது. ஆட்டோ கொண்டமட்டும் ஏற்றினோம். ஊரில் கூவிக் கூவிப் பார்த்தேன். கணவாயை ஆக்கத் தெரிந்தவர்கள் டவுன்ஷிப்பில் ரொம்பக் குறைவு. மீதியைக் குழி தோண்டிப் புதைத்தோம். அந்த நாற்றம் ஆட்டோவில் மழைக்காலம் வரை இருந்தது.

கண்ணாடிக் கடை ஒரு திங்கட்கிழமை திறக்கவில்லை. வேலை பார்த்த பெண்கள் தொப்பியோடு வாசலில் நின்றுவிட்டு மத்தியானம் கலைந்துபோனார்கள். இனி கூட்டம் எங்களிடம் திரும்பும் என்று வீட்டுக்காரர் மார்க்கெட்டில் கடையை மறுபடி பிடித்தார். சில பேர் வந்தார்கள். மற்றவர்கள் அதற்குள் கோழிக்கு மாறியிருந்தார்கள். பெரிய மீன் கொடுக்கப் படகுகளும் முன்போல இல்லை. ஆறு மாதத்தில் அந்தக் கடையை மூடிவிட்டு பஸ் நிற்கிற இடத்துக்கே வந்துவிட்டோம்.

படகுக்காரர் இன்ஜினை விற்றார். பிறகு படகையும். யாரோ சிபாரிசில் மைன்ஸ் கான்ட்ராக்ட்டுக்கே வந்து சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்த கூட்டத்தில் மஞ்சள் ஹெல்மெட்டோடு நின்றார். முகமெல்லாம் கரித்தூள்.

"அண்ணே" என்றேன்.

"கீழ எறங்குனா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னே தெரியல தங்கச்சி" என்றார். "மழ வருமா வராதான்னுகூட ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறான்."

எங்கள் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அவர் வாங்கவில்லை. குனிந்து, ஒரு மத்தியை எடுத்து விரலில் புரட்டினார். "இது என்னிக்குப் புடிச்ச பாடு?" என்று கேட்டார்.

நேற்றையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கே தெரிந்துவிட்டது. மீனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பஸ் வந்துவிட்டதென்று சொல்லிப் போய் ஏறிக்கொண்டார்.