கண்ணை மூடிய ஜட்ஜ் துரை

தேவிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது விழிதியூரே அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. மாப்பிள்ளை ஹரிஹரனுக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி. காரைக்காலில் இந்த ஒரு வார்த்தைக்கு இருக்கிற மவுசு டாக்டருக்கும் கிடையாது, இன்ஜினியருக்கும் கிடையாது. பையன் பிரான்சில் என்ன வேலை பார்க்கிறான், குணம் எப்படி, குடிப்பானா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நேஷனாலிட்டி இருக்கிறதா, இருக்கிறது, முடிந்தது பேச்சு. எனக்கு அப்போதே எரிச்சல். நானும் அவளும் ஒரே மருந்துக்கடையில் அடுத்தடுத்த பில் கவுண்டரில் வேலை பார்த்தோம். "என்னடி, உங்க வீட்டு ஜட்ஜ் துரைதான் மாப்பிள்ள புடிச்சுக் குடுத்தாராக்கும்?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பாள்.

ஜட்ஜ் துரை என்பது அவர்கள் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களோடு தொங்கும் ஒரு பழைய பிரெஞ்சுப் படம். கறுப்பு மையில் அச்சடித்து, தேக்குச் சட்டம் போட்டது. கறுப்பு அங்கியும் கழுத்தில் வெள்ளைப் பட்டையுமாக ஒரு தொந்தி நீதிபதி கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். எதிரே ஒரு பெண் குழந்தையை அணைத்துக்கொண்டு மண்டியிட்டு அழுவாள். தேவிகாவின் அப்பா தெட்சிணாமூர்த்தியுடைய பாட்டனார் பிரெஞ்சுக்காரன் காலத்தில் கோர்ட்டு பியூன். ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். கேலியாகத்தான் கொடுத்திருப்பான் என்று இப்போது தோன்றுகிறது.

"அந்தப் பொண்ணு சொல்றதக் கேட்டு, நியாயம் என்னன்னு கண்ண மூடித் தியானிக்கிறாரும்மா" என்று தெட்சிணாமூர்த்தி எனக்கே விளக்கியிருக்கிறார். கண்ணை மூடினால் நம்மவர்களுக்கு அது தியானம்தானே. எப்போதோ ஒரு வரப்புத் தகராறில் இவர்கள் பக்கம் தீர்ப்பானதிலிருந்து துரையின் மதிப்பு ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம், குங்குமம். படத்துக்கு அடியில் பிரெஞ்சில் ஒரு வரி இருந்தது. பொட்டு வைக்க வாகாக இருந்த இடமும் அதுதான். கண்ணாடியில் அப்பி அப்பி, எழுத்து இருப்பதே தெரியாமல் போய்விட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு ஹரிஹரன் வருஷத்துக்கு ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்து போனான். நித்யஸ்ரீ பிறந்தாள். குழந்தைக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட் சட்டென்று வந்தது. அம்மாவுக்கான விசா மட்டும் எப்போதும் அடுத்த வருஷம். பிள்ளைக்கு ஐந்து வயதானபோது, "லீவுக்கு அப்பத்தாவோட இருந்துட்டு வரட்டும்" என்று பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போனான். லீவு முடிந்தது. பிள்ளையை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன் என்றான். பிறகு போனை எடுப்பதில்லை. பிறகு விவாகரத்து கேட்டு, குழந்தை தன்னிடமே இருக்க வேண்டும் என்று அங்கிருந்து கோர்ட்டு நோட்டீஸ் வந்தது. நேரில் போய்ச் சொல்லலாம் என்று தேவிகா விசாவுக்கு மனுப் போட்டாள். மறுத்துவிட்டார்கள்.

அவள் சாப்பாட்டை மறந்தாள். யாராவது குழந்தைக்கு இருமல் மருந்து கேட்டு வந்தால், கவுண்டரை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவாள். ஹரிஹரனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கிறது.

கடைசியில் வீடியோவில் ஆஜராகலாம் என்று அனுமதி வந்தது. அவள் அம்மா பெரியநாயகிதான் யோசனை சொன்னார். "துரையப் பக்கத்துல வச்சுக்கம்மா. அவங்க ஊரு ஆளு. பார்த்தா ஒரு மதிப்பு வரும்." பளிச்சென்று தெரியட்டும் என்று ஈரத்துணியால் கண்ணாடியைத் தேய்த்துத் துடைத்ததும் அவரே. எழுத்து வெளியே வந்தது. போனைக் காட்டினால் அதுவே மொழிபெயர்த்துச் சொல்லும் காலம் இது. எங்களில் யாருக்குத் தோன்றியது? சாமி படத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்ப்பார்கள்?

திரையில் ஒரு பெண் நீதிபதி, ஹரிஹரன், அவனுடைய வக்கீல், மொழிபெயர்க்க ஓர் இலங்கைத் தமிழ்ப் பெண். தேவிகா பேசினாள். அழாமல் பேசினாள். முடிவில், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டார். தேவிகா படத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"நாலு தலைமுறையா உங்க நீதிக்கு விளக்கேத்துற குடும்பங்க நாங்க. எம் புள்ளையக் குடுத்துடச் சொல்லுங்க."

நீதிபதி திரைக்குக் கிட்டே குனிந்தார். வக்கீல் முதலில் சிரித்தான், பிறகு கோபமாக ஏதோ கத்தினான். மொழிபெயர்க்கும் பெண் கண்ணைச் சுருக்கிப் படத்தின் அடியைப் படித்தார்.

"என்னங்க சொல்றாங்க?" என்றாள் தேவிகா.

"நீங்கள் கோர்ட்டைப் பகிடி பண்ணுறீங்களாம் எண்டு அவர் சொல்லுறார், தங்கச்சி. அதில இருக்கிறவர் நித்திரை கொள்ளுறார். கீழ எழுதியிருக்கு..." அவர் குரல் இறங்கியது. "'ப்ளெரே, மதாம், ப்ளெரே.' அழுங்கோ அம்மா, நல்லா அழுங்கோ. அந்தச் சத்தத்திலதான் எனக்கு நித்திரை வருது. அப்பிடி இருக்கு."

தேவிகா படத்தைத் திருப்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தொந்தியும், தொங்கிய உதடும், ஒரு பக்கம் சாய்ந்த தலையும். அப்பட்டமான தூக்கம். இத்தனை வருஷமாக அது எப்படி எங்கள் கண்ணில் படவில்லை என்று தெரியவில்லை. "எனக்குத் தெரியாதுங்க, சத்தியமாத் தெரியாதுங்க" என்று அவள் திரையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

தீர்ப்பு வந்தது. பிள்ளை அந்தப் பள்ளிக்கும் வீட்டுக்கும் பழகிவிட்டதால் அப்பாவிடமே இருக்கட்டும். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசலாம். படத்தைக் காட்டித்தான் கெடுத்துக்கொண்டாள் என்கிறது ஊர். தீர்ப்பில் படத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. படம் இல்லாவிட்டாலும் இதுதான் நடந்திருக்கும். எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

படத்தை அரசலாற்றில் வீசிவிடப் போனார் தெட்சிணாமூர்த்தி. "கெடக்கட்டும்ப்பா. இப்பவாவது யாருன்னு தெரிஞ்சுச்சே" என்று வாங்கிப் பழைய ஆணியிலேயே மாட்டினாள் தேவிகா. பொட்டு மட்டும் வைப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். நித்யஸ்ரீயின் தமிழ் வாரத்துக்கு வாரம் தேய்கிறது. பாதி பேச்சு தேவிகாவுக்குப் புரிவதில்லை, தலையை மட்டும் ஆட்டுவாள். அன்றைக்குப் பிள்ளை திடீரென்று குதித்தது.

"ம்மா, பின்னாடி படத்துல பிரெஞ்சு! நான் இப்ப படிப்பேன். கிட்ட காட்டு, கிட்ட காட்டு!"

தேவிகா எழுந்து போனைப் படத்தருகே கொண்டுபோனாள். குழந்தை எழுத்துக்கூட்டியது.

"ப்ளெ... ரே. மதாம். ப்ளெ... ரே."

தேவிகாவுக்கு மொத்தப் பிரெஞ்சிலும் தெரிந்தது அந்த ஒரு வரிதான்.

"ம்மா? சரியா படிச்சேனா? ம்மா, எங்க நீ?"

"சரியாப் படிச்சடி, தங்கம்." முகம் பிள்ளைக்குத் தெரியாதபடி போனைப் படத்தின் பக்கமே பிடித்துக்கொண்டாள். "இன்னொருக்கா படி."