துருக்கிக்காரரின் கையும் மேனேஜரின் கையும்

1961 ஜூலை 12, புதன்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். முந்தின நாளிலிருந்து விடாத தூறல். பெங்களூரில் நான் ரைட்டராக இருந்த தொழிற்சாலையில், மேனேஜரின் அறையில் நான்கு பேர் இருந்தோம். மேனேஜர் உட்கார்ந்திருந்தார், மற்ற மூவரும் நின்றோம். நாற்காலிகள் ஐந்து இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விசாரணை ஒரு எண்ணெய்ப் பீப்பாயைப் பற்றியது. அது லாரியிலிருந்து சாய்பலகை வழியாகப் பாய்ந்து வந்து, பிரிக்காமல் வைத்திருந்த புது மெஷினை நொறுக்கிவிட்டது. பீப்பாயைக் கயிறு போட்டுப் பிடித்துத்தான் பலகையில் இறக்க வேண்டும். அப்படித்தான் இறக்கினேன், நடுப்பலகையில் கயிறு அறுந்தது என்றார் லோடு இறக்குகிற தொழிலாளி. கண்டோன்மெண்ட் பக்கத்துத் தமிழர், நாலு பிள்ளைக்காரர். இல்லை, கயிறே போடாமல் லாரியின் மேலேயே கையால் உருட்டிவிட்டான் என்றார் மேனேஜர். அறுந்த கயிற்றைக் காட்டியதற்கு, அதைப் பிறகு நீயே அறுத்திருப்பாய் என்றார். பீப்பாய் உருள ஆரம்பித்தது மேலேயா, பலகையிலா? மேலே என்றால் அவருக்கு வேலை போய்விடும்.

பார்த்த சாட்சி ஒருவர்தான். ஆறு மாதப் பயிற்சிக்கு எங்களிடம் வந்திருந்த துருக்கிக்காரர். ஷெட் ஜன்னலிலிருந்து பார்த்ததால் தார்ப்பாய் மறைத்து ஆள் தெரியவில்லை, பீப்பாய் மட்டும் தெரிந்தது. அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. மல்லேஸ்வரத்தில் என் வீட்டுக்குப் பக்கத்து அறையில் குடியிருந்தார். மாலை காப்பியின்போது அவரிடம் கொஞ்சம் துருக்கி கற்றிருந்தேன். அதனால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

அவருடைய பேச்சில் ஒன்றை நான் முன்பே கவனித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று கேட்டால், 'சிக்தம், கெச்திம், கிர்திம்' என்பார். வெளியேறினேன், தாண்டினேன், நுழைந்தேன். வீட்டை விட்டு வெளியேறி, தண்டவாளத்தைத் தாண்டி, மார்க்கெட்டுக்குள் நுழைந்தார். நடந்தாரா, ஓடினாரா, மழைக்குப் பயந்து குதித்துக் குதித்துப் போனாரா? அதைச் சொல்ல மாட்டார். கேட்டால், "மனிதன் வேறு எப்படிப் போவான்?" என்று சிரிப்பார். எங்கிருந்து எங்கே என்பதுதான் அவருக்குச் செய்தி. எப்படி என்பது தேவைப்பட்டால் தனியாக வந்து ஒட்டிக்கொள்ளும். கையும் அப்படியே. ஒரு பந்து மாடிப்படியில் உருண்டு வந்ததைச் சொன்னால், முதலில் விரலை நின்ற இடத்திலேயே சுழற்றுவார், பிறகு கையை நேராகக் கீழே இறக்குவார். எங்கள் ஆங்கிலோ இந்திய ஃபோர்மேன் அதையே இங்கிலீஷில் சொன்னபோது கை சுழன்றுகொண்டே இறங்கியது. எனக்கு இதெல்லாம் அதிசயமாகப் படவில்லை. என் வீட்டிலும் பேச்சு துருக்கிக்காரர் மாதிரிதான். பஸ் ஏறினேன், சர்க்கிளில் இறங்கினேன், ரோட்டைத் தாண்டினேன், வந்து சேர்ந்தேன்.

மேனேஜர் கேட்கச் சொன்னார், கேட்டேன். துருக்கிக்காரர், "யுவர்லனராக் இந்தி" என்றார்.

தொழிலாளி என் காதருகே, "இன்னா ரைட்டர் சார், இவரும் இந்திதான் பேசுறாரா?" என்றார். வேலை போகிற நேரத்தில் அந்த மனிதருக்கு அது தோன்றியது.

உருண்டு இறங்கியது என்று அர்த்தம் சொன்னேன். ஆனால் மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை, சாட்சியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மேலே ஓரிடத்தில் சுழன்றது, நின்றது, பிறகு நேராகக் கீழே வந்தது.

மேனேஜரும் தமிழர்தான், ஆனால் லண்டனில் படித்தவர். வேலைநேரத்தில் இங்கிலீஷில்தான் பேசுவார். "பாருங்கள், இரண்டு காரியம்," என்றார். "மேலே சுற்றியிருக்கிறது. அதன் பிறகுதான் இறங்கியிருக்கிறது. மேலே சுற்றியது யார்?"

துருக்கிக்காரரிடம் மறுபடி கேட்டேன். மேலே சுற்றவில்லை, பலகையில்தான் என்றார். அதைச் சொன்னேன்.

"நீங்கள் அவருக்குக் காப்பி சிநேகிதர், இவனுக்குத் தமிழ் சிநேகிதர். உங்களுக்கு வேண்டியதை மொழிபெயர்ப்பீர்கள். கை பொய் சொல்லாது," என்றார் மேனேஜர்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அதுவரை எந்த அதிகாரியையும் எதிர்த்துப் பேசியதில்லை. "சார், அவர் கை ஒரே காரியத்தைத்தான் சொல்லுது. எப்படிங்கிறது முதல்ல, எங்கேங்கிறது அப்புறம். அவங்க வழக்கம் அது. நம்ம வழக்கமும் அதுதான்," என்றேன்.

கோபம் வந்ததும் அவருக்குத் தமிழ் வந்தது. "யாருகிட்டய்யா கதை அளக்கிற? நம்ம வழக்கமாம்!"

"அப்ப நீங்களே சொல்லுங்க சார், தமிழ்ல. கோயில் படிக்கட்டு உச்சியில தேங்காய் கை நழுவிப் போச்சு. என்ன ஆச்சு?"

"என்ன ஆகும்? உருண்டு எறங்கிச்சும்பேன்! இதுல என்னய்யா..."

அவருடைய வலது கை மார்புக்கு நேராக இரண்டு சுற்றுச் சுற்றியது, நின்றது, பிறகு நேராக மேஜை வரை இறங்கியது. அறையில் மூன்று பேர் அதைப் பார்த்தோம். நாலாவதாக அவரும் பார்த்தார்.

தொழிலாளிதான் வாயைத் திறந்தார். "சார், தேங்காய்க்குக் கவுறு யாரு சார் அறுத்தாங்க?"

துருக்கிக்காரருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் தன்னுடைய கையைப் போன்ற இன்னொரு கையைப் பார்த்துவிட்டு, "தமாம், தமாம்" என்று தலையாட்டினார். சரி, சரி என்று அர்த்தம். அதை நான் மொழிபெயர்க்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

"மூணு பேரும் வெளிய போங்க," என்றார் மேனேஜர்.

கயிறு அறுந்ததாகவே தீர்மானம் வந்தது. மத்தியானமே அந்தத் தொழிலாளி லாரியில் ஏறி மற்ற பீப்பாய்களைப் புதுக் கயிற்றில் இறக்கினார். அடுத்த மாதம் என் ஐந்து ரூபாய் இன்கிரிமென்ட் நின்றது. மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவு என்று காரணம் எழுதியிருந்தார்கள். ஒரு வரி மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் போதும் என்று ஹெட் கிளார்க் மூன்று தடவை சொன்னார். என் மனைவி தினமும் சொன்னாள். எதற்கு மன்னிப்பு? நான் யாரையும் அவமதிக்கவில்லை. அந்த மேனேஜரைத் தமிழில் பேசச் சொன்னேன், அவ்வளவுதான். எழுதித் தர மாட்டேன் என்றேன்.

போன இன்கிரிமென்ட் பிறகு திரும்பவே இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்த ஐந்து ரூபாய் குறைவாகவே சம்பளம் ஏறியது. மாதம் ஐந்து, வருடம் அறுபது, ரிடையர் ஆகும்வரை பத்தொன்பது வருடம். பிராவிடண்ட் ஃபண்டு கணக்கை விட்டுவிட்டால், ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.